நிலக்கடலைப் பாலின் வரலாறு

ஆவின் மடியிலிருந்து வருவது ஒன்றே பால் என்று தமிழர் எக்காலத்தும் வரையறுத்ததில்லை. தேங்காயைத் துருவிப் பிழிந்தால் வருவதும் பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்தால் வருவதும் பால். கள்ளிக் கிளையை ஒடித்தால் வடிவதும் பால். முற்றாத நெல்மணிக்குள் நிற்பதும் பால். இத்தகைய மொழியைப் பேசும் நமக்கு, இன்று தில்லியின் பெரிய கடைகளில் அட்டைப் பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் சோயா பால், பாதாம் பால், ஓட்ஸ் பால் ஆகியவை பெயரளவில் வியப்பளிக்க வேண்டியதில்லை. ஆயினும், இவை யாவும் மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்றே நம் வீடுகளில் பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. விடுதலை பெற்ற இந்தியாவில், ஏழைக் குழந்தைகளின் பசியைத் தீர்க்கும் பொருட்டுத் தாவரப் பாலை உண்டாக்க நம் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்தனர். அம்முயற்சியின் முன்வரிசையில் நின்றது வேர்க்கடலை என்றும் மணிலாக்கொட்டை என்றும் நாம் வழங்கும் நிலக்கடலை. மறக்கப்பட்ட அவ்வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பத்தார்முன் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடுக்களையில் இருந்த பால்

மதுரை நகரின் தெருக்களில் மாலை வேளையில் பருத்திப்பால் விற்பதை அறியாதார் இலர். பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டி, பலமுறை பிழிந்து பாலெடுத்து, சிறிது அரிசிமாவு சேர்த்துக் கொதிக்கவிட்டு, கருப்பட்டியோ வெல்லமோ இட்டு, சுக்கும் ஏலமும் தூவி, தேங்காய்த் துருவலுடன் அருந்துவது அவ்வூர் வழக்கம். மாட்டுக்கு வைக்கும் கொட்டையிலிருந்து மனிதனுக்கும் ஓர் உணவைக் கண்டெடுத்த சாமர்த்தியம் அது.

திருநெல்வேலியார்க்குச் சொதி என்றால் தேங்காய்ப்பால். அதில் முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தரம் பிரித்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, முதற்பாலைக் கடைசியில் சேர்த்துக் கொதி வருமுன் இறக்குவது கைப்பழக்கத்தால் வந்த ஞானம். முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும் என்பதை எந்தப் பள்ளியிலும் படியாத பாட்டிமார் அறிந்திருந்தனர். ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் தேங்காய்ப்பால், ஆடி முதல் நாளில் வெல்லமும் ஏலமும் சேர்ந்த ஆடிப்பால் என இவ்வரிசை நீளும்.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. இவை சுவைக்காகவும் விருந்துக்காகவும் அமைந்தவை. தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு. வளரும் குழந்தைக்கு ஆவின் பாலுக்கு ஈடாக அதனைக் கொடுப்பதற்கில்லை. அந்த ஈட்டைத் தேடும் வேலை இருபதாம் நூற்றாண்டில்தான் தொடங்கிற்று.

காந்தியடிகளின் தேடல்

அத்தேடலில் ஈடுபட்டவர்களுள் காந்தியடிகள் குறிப்பிடத்தக்கவர். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த காலத்தில், 1912ஆம் ஆண்டில், அவர் பாலை விட்டொழித்தார். கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காகப் பசுக்களுக்கும் எருமைகளுக்கும் இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பற்றி அறிந்ததும் அதற்கு ஒரு காரணம். பின்னர் 1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராய் அலைந்தபோது நிலக்கடலை விழுதும் எலுமிச்சையுமே அவருக்கு முக்கிய உணவாயின. அவ்வாண்டில் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு உடல் நலிந்தபோது, பாலின்றித் தேற முடியாது என்று மருத்துவர் வற்புறுத்தினர். விரதம் எடுத்தபோது எண்ணத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தாமே, ஆட்டுப்பால் அருந்தலாகாதா என்று கஸ்தூரிபாய் வாதித்தார். 1919இன் தொடக்கத்தில் காந்தியடிகள் ஆட்டுப்பாலுக்கு இசைந்தார். இசைந்தது மனவருத்தத்தோடுதான். பாலுக்கு இணையான தாவர உணவு ஒன்று கிடைக்குமாயின் அதனைத் தெரிவிக்குமாறு அனுபவமுள்ளோரைத் தம் சுயசரிதையில் அவர் வேண்டிக்கொண்டார். 1935இல் வார்தாவில் மகன்வாடியில் சோயா மொச்சையைச் சமைத்து உண்ணும் சோதனை நடத்தி, அதன் பலனை 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டார். அங்கே கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா என்பது நமக்குப் பெருமை.

பிற நாடுகளில் இது பழைய செய்தி. சீனர் சோயாவை அரைத்துப் பாலெடுத்துப் பருகுவது நெடுங்கால வழக்கம். கிறிஸ்தவ நோன்பு நாட்களில் ஐரோப்பியர் ஆவின் பாலுக்கு மாற்றாகப் பாதாம் பாலைக் கொண்டனர். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் லீ யூயிங் என்னும் சீனர் பாரிஸ் நகருக்கு அருகில் சோயா ஆலை நிறுவினார். ஹாங்காங்கில் 1940இல் தொடங்கப்பட்ட வைட்டாசாய், அகதிகளும் ஏழைகளும் மெலிந்து நலிவதைக் கண்டு ஏற்பட்ட தொழில். அங்கும் தாவரப் பால் ஏழைக்காகவே பிறந்தது என்பது கருதத்தக்கது.

மைசூரில் நடந்த வேலை

நம் நாட்டில் இவ்வாராய்ச்சியை முறையாக நடத்தியவர் வி. சுப்பிரமணியன். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த அவர், 1940களில் தம் குழுவினருடன் சோயாப் பாலின் ஊட்டத்தை ஆராய்ந்தார். 1950இல் மைசூர்ச் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானார்.

அக்காலத்து நிலையை எண்ணிப் பார்ப்போம். 1950-51இல் இந்தியா முழுவதும் கிடைத்த பால் ஏறத்தாழ 170 லட்சம் டன். பகிர்ந்து பார்த்தால் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரைக்கால் லிட்டர் அளவே. அதுவும் சரிசமமாய்க் கிட்டுவதில்லை. மறுபுறம், கடலெண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கோ எடையில் ஏறக்குறையப் பாதி புரதம் கொண்டது. தென்னார்க்காடு, வடஆர்க்காடு மாவட்டங்களில் விளைந்த மணிலா ஆலைக்குப் போய் எண்ணெயாயிற்று. பிண்ணாக்கு மாட்டுக்கும் வயல் உரத்துக்கும் ஏற்றுமதிக்கும் போயிற்று. குழந்தை புரதமின்றி வாட, புரதம் வயலில் எருவாகிறதே என்பதே மைசூர் விஞ்ஞானிகளின் கவலை.

அவர்கள் கண்ட வழி எளியது. நல்ல கடலையை இளவறுப்பாக வறுத்துத் தோல் நீக்கி, நைய அரைத்து, நீர் சேர்த்து வடிகட்டி, புளிப்பைச் சரிசெய்து, சுண்ணாம்புச்சத்தும் உயிர்ச்சத்துகளும் கலந்து கொதிக்கவைத்தனர். அப்பாலில் உறை ஊற்றித் தயிரும் ஆக்கினர். நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் கடலைமாவு கால் பங்கும் சேர்ந்த பல்நோக்கு உணவும் அங்கேயே உருவாயிற்று. அதே நிலையத்தார் எருமைப்பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால்மாவு ஆக்கும் முறையையும் கண்டுதந்தனர். ஆனந்த் நகரத்து அமுல் நிறுவனம் அதனைக் கையாண்டது. ஆகவே அந்நிலையத்தார்க்கு மாட்டுப்பாலோடு பகையேதும் இல்லை. கிடைப்பதைக் கொண்டு குழந்தையைக் காப்பதே அவர்தம் கொள்கை.

இம்முயற்சியின் உச்சம் 'மில்டோன்' என்னும் பால். எருமைப்பாலுடன் நிலக்கடலைப் புரதத்தையும் இனிப்புப் பாகையும் உயிர்ச்சத்துகளையும் சேர்த்து அளவைப் பெருக்கியது அது. 1970களில் பெங்களூர்ப் பால்பண்ணையில் தயாராகிக் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டது. பம்பாயில் தாரா குரோடி எருமைப்பாலில் கொழுப்பெடுத்த பால்மாவும் நீரும் சேர்த்து 1940களில் உண்டாக்கிய 'டோன்டு' பாலை நாம் அறிவோம். இன்றும் காலையில் வாங்குகிறோம். மில்டோன் அதன் உடன்பிறப்பு எனலாம். குரோடி பால்மாவைச் சேர்த்தார். மைசூரார் கடலையைச் சேர்த்தனர்.

ஏன் நிலைக்கவில்லை?

இத்துணை உழைப்பும் ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்வி எழும். அதற்குக் காரணம் ஒன்றன்று.

முதலாவது, சுவை. நிலக்கடலைப் பாலில் கடலை வாசமும் சோயாப் பாலில் பச்சை மொச்சை வாடையும் தங்கிவிடும். சோயாவின் வாடைக்குக் காரணம் அரைக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி கொழுப்போடு கலந்து செய்யும் வேலை. கொதிநீரில் அரைத்தால் நொதி அடங்கி வாடை குறையும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960களில் காட்டினர். காப்பியின் மணத்தில் உயிர் வைத்திருக்கும் நம்மவர்க்கு இவ்வாடை எப்படிப் பொருந்தும்? புளிப்புள்ள காப்பியில் விட்டால் தாவரப் பால் திரிவதும் உண்டு.

இரண்டாவது, நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே காரணம் என்று தெரிந்தது. அந்நஞ்சுக்கு அப்ளடாக்சின் என்று பெயர். ஈரத்தில் கிடந்த கடலையில் உண்டாகும் இது ஈரலைக் கெடுப்பது; சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் அழிவதன்று. குழந்தைக்கு என்று எடுத்த பொருளிலேயே நஞ்சு இருக்கலாம் என்றதும் உலகெங்கும் நிலக்கடலை உணவுத் திட்டங்கள் தளர்ந்தன.

மூன்றாவது, கொள்கை மாற்றம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தில் சேலத்தில் பிறந்த சி. கோபாலன் முதலியோர், நம் குழந்தைகளுக்கு முதற்குறை புரதமன்று, வயிறு நிறையும் சோறே என்று காட்டினர். போதிய உணவின்றிப் புரதம் மட்டும் கொடுத்தால் உடல் அதனை எரிபொருளாகச் செலவிட்டுவிடும். 1974இல் இங்கிலாந்து மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரை புரதப் பற்றாக்குறைக் கொள்கையையே பெருந்தோல்வி என்றது.

நான்காவது, பால் பெருகியது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் கூட்டுறவுகளின் வழியே கிராமப் பாலை நகரத்துக்குக் கொண்டுவந்தது. 1998 முதல் உலகில் மிகுதியாகப் பால் தரும் நாடு இந்தியா. 2023-24இல் நம் உற்பத்தி ஏறத்தாழ 2,390 லட்சம் டன். கடலையோ எண்ணெய்த் தேவையால் விலையேறிற்று. மலிவென்ற ஒரே சிறப்பும் போனபின் கடலைப்பாலுக்கு இடம் ஏது?

தில்லியின் பால்

இவ்வரலாற்றில் நாம் வாழும் இடத்துக்கும் பங்குண்டு. நம் குடியிருப்புக்குப் பெயரளித்த ரபி அகமது கிட்வாய், 1952 முதல் 1954இல் காலமாகும் வரை மத்திய உணவு அமைச்சராய் இருந்து, உணவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர். 1959இல் தில்லிப் பால் திட்டம் தொடங்கி, கண்ணாடிப் புட்டிகளில் பால் டிப்போக்களுக்கு வந்தது. 1974இல் மதர் டெய்ரி வந்தபின் டோக்கன் போட்டுப் பாத்திரத்தில் பிடிக்கும் பால் வந்தது. பழைய குடியிருப்புகள் இடிபட்டுக் கிழக்குக் கிட்வாய் நகரில் மாடிக் கட்டிடங்கள் எழுந்த பின்பும் காலைப் பாலுக்கான நடை மாறவில்லை.

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு செய்தியைக் குறிப்பிட விழைகிறேன். 1945ஐ ஒட்டி ஆனந்திலிருந்து பம்பாய்க்கு ரயிலில் பால் சென்ற நாள்முதல், இந்நாட்டுப் பால் வரலாறும் ரயில் வரலாறும் இணைந்தே வந்துள்ளன. 2020 மார்ச் 26 முதல், ஊரடங்கு நாட்களில், ஆந்திரத்து ரேணிகுண்டாவிலிருந்து ஹஜ்ரத் நிஜாமுதீனுக்குத் 'தூத் துரந்தோ' என்னும் பால் வண்டி ஓடலாயிற்று. ஒவ்வொரு டாங்கியிலும் 40,000 லிட்டர். திருப்பதிக்கு அருகில் கறந்த பால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வந்து தலைநகரத்துக் குழந்தைகளை அடைந்தது. பாலின் விலையில் புல்லும் பிண்ணாக்கும் மட்டுமன்றி இத்தூரமும் குளிரூட்டலும் அடங்கியுள்ளன என்பதை அவ்வண்டி நமக்குக் காட்டும்.

நிலமும் நீரும் காற்றும்

இன்று தாவரப் பாலைப் போற்றுவோர் முதலில் கூறும் காரணம் சுற்றுச்சூழல். 2018இல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் பல நாட்டுப் பண்ணைகளின் கணக்கைத் திரட்டி வெளியிட்ட ஆய்விலிருந்து சில அளவுகளைத் தருகிறேன். ஒரு லிட்டர் மாட்டுப்பாலுக்கு உலகச் சராசரியில் ஏறத்தாழ 9 சதுர மீட்டர் நிலமும் 628 லிட்டர் நீரும் செலவாகின்றன; கரியமில வாயுக் கணக்கில் 3 கிலோவுக்குச் சற்று மேலான வெப்பவாயுக்கள் வெளியாகின்றன. சோயாப் பாலுக்கு நிலம் ஒரு சதுர மீட்டரினும் குறைவு, நீர் 28 லிட்டர், வாயு ஒரு கிலோ. ஓட்ஸ் பாலுக்கு நீர் 48 லிட்டர். பாதாம் பாலுக்கு வாயு முக்கால் கிலோவே ஆயினும் நீர் 371 லிட்டர். அரிசிப் பாலுக்கு நீர் 270 லிட்டர். நெல்வயலின் மீதேன் வேறு. ஆகத் தாவரப் பால்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. நீர் வறண்ட கலிபோர்னியாவில் விளைந்த பாதாமைக் கப்பலேற்றிக் கொணர்ந்து பருகுவதைச் சிக்கனம் என்று கூறுதல் பொருந்தாது.

மாடு அசைபோடும்போது வெளிவிடும் மீதேனே மாட்டுப்பாலின் கணக்கை உயர்த்துகிறது. எனினும் இவை உலகச் சராசரி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நம் சிற்றூர் எருமை, மனிதன் உண்ணமுடியாத வைக்கோலையும் பிண்ணாக்கையும் தின்று பாலும் சாணமும் தருகிறது. நிலமில்லாத ஏழைக்கு நாள்தோறும் கைக்காசு தருவதும் அதுவே. அதே சமயம், கறவை கொஞ்சமாகவும் வயிறு பெரிதாகவும் உள்ள மாடுகள் நிறைந்த நாட்டில் லிட்டருக்கு வெளியாகும் மீதேன் மிகுதி என்பதும் மறுக்கத்தக்கதன்று. மறத்துப்போன பசுவும் காளைக்கன்றும் என்னவாகின்றன என்ற கேள்விக்கும் பால் குடிக்கும் நாம் விடை தேட வேண்டும்.

நம் வயிறு சொல்லும் செய்தி

தமிழ்க் குடும்பத்தார் அறியவேண்டிய வேறொரு செய்தி உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் கழிந்தபின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. 1981இல் வெளியான ஓர் ஆய்வில், தில்லியில் சோதிக்கப்பட்டவருள் 27 சதவிகிதத்தார்க்கே இக்குறை காணப்பட்டது. திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய தென்னகத்து இடங்களில் ஏறத்தாழ 67 சதவிகிதத்தார்க்கு இருந்தது. வடமேற்கு இந்தியாவில் கால்நடை மேய்த்த குடிகளிடையே பாலைச் செரிக்கும் மரபணு மிகுதி என்று பிற்கால ஆய்வுகளும் கூறுகின்றன.

பஞ்சாபி அண்டைவீட்டுப் பிள்ளை பெரிய தம்ளர் நிறையப் பாலை ஒரே மூச்சில் குடிப்பதைக் கண்டு, நம் பிள்ளையையும் அதட்டிக் குடிக்கவைக்கும் தாய்மார் உண்டு. பிள்ளை வயிறு உப்பி நெளிந்தால் அது பிடிவாதம் அன்று. பிறவி இயல்பாகவும் இருக்கலாம். நம் முன்னோர் பாலை உறைகுத்தித் தயிராகவும் மோராகவும் உண்டது வீண்போகவில்லை. உறையும்போது லாக்டோஸின் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. அதற்கும் ஒவ்வாத வயிற்றுக்குத் தாவரப் பால் நல்ல துணை.

ஆயினும் எச்சரிக்கை தேவை. சோயாப் பாலில் மாட்டுப்பாலை ஒத்த புரதம் உண்டு. பாதாம், அரிசிப் பால்களில் மிகக் குறைவு. சுண்ணாம்புச்சத்தும் பி12 உயிர்ச்சத்தும் வெளியிலிருந்து சேர்த்தாலொழியக் கிட்டா. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு. அதற்கு ஈடாகக் கடலைப்பாலோ பாதாம்பாலோ கொடுத்தல் கூடவே கூடாது.

முடிவாக

2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாவரத்திலிருந்து செய்யும் பானங்களைப் 'பால்' என்று பெயரிட்டு விற்கலாகாது என்று உத்தரவிட்டது. சட்டம் பெட்டியின்மேல் உள்ள எழுத்தை ஆளட்டும்; தேங்காய்ப்பாலையும் பருத்திப்பாலையும் தமிழன் நாவிலிருந்து அது எடுத்துவிடாது.

என் உள்ளத்தை உறுத்துவது பெயரன்று, விலை. மைசூரில் ஏழைக்கென்று தொடங்கிய பொருள், இன்று மாட்டுப்பாலைப்போல் பல மடங்கு விலையில் வசதியுள்ளவர்தம் மேசையை அலங்கரிக்கிறது. வீட்டில் செய்தாலோ செலவு சிறிதே. ஒரு கோப்பைக் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, நான்கு கோப்பை நீருடன் அரைத்து, துணியில் வடிகட்டி, அடிபிடியாமல் கிளறிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் பால் தயார். சுருங்கியதும் நிறம் மாறியதும் பூஞ்சணம் பூத்ததுமான கடலைகளைப் பொறுக்கி எறிதல் இன்றியமையாதது. காப்பிக்கு உதவாவிடினும், வெல்லமும் ஏலமும் சேர்த்தால் பிள்ளைகள் விரும்பிக் குடிப்பர். சக்கையைத் துவையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாட்டுப்பாலை இகழவும் வேண்டா. தாவரப் பாலை நகைக்கவும் வேண்டா. வயிற்றுக்கும் வருவாய்க்கும் நிலத்துக்கும் பொருந்துவது எது என்று ஆய்ந்து கொள்வதே அறிவுடைமை. சுப்பிரமணியனும் அவர்தம் துணைவர்களும் பசித்த குழந்தையை முன்னிறுத்தி இக்கேள்வியை ஆராய்ந்தனர். அவர்கள் முயற்சி சந்தையில் தோற்றது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி தோற்கவில்லை. பாலுக்கு வழியில்லாத வீடுகள் இந்நாட்டில் இன்னும் உள்ளன. தாவரப் பாலை மலிவாக்க முனைவோர் அவ்வீடுகளை நினைவிற்கொண்டால் மைசூரில் பட்ட பாடு பயன்பெறும்.